வரிச்சலுகை கொடுத்தால் மளிகைக் கடை வருமா? வந்த கடை நிலைக்குமா?

கேள்வி இதுதான்: அமெரிக்க நகரங்களில் நல்ல மளிகைக் கடையே இல்லாத ஏழைப் பகுதிகளில் சூப்பர்மார்க்கெட் திறப்பவர்களுக்கு வரிச்சலுகை கொடுக்கிறார்கள். அதனால் உண்மையிலேயே கடை வருகிறதா, வந்தால் நிலைக்கிறதா, அல்லது வரிப்பணம் பெரிய கம்பெனிகளுக்குப் போய்ச் சேருவதோடு சரியா?

சுருக்கமான பதில்: வரிச்சலுகையால் ஒரு கடையைத் திறக்க வைக்கலாம், தொடர்ந்து நடத்த வைப்பது கஷ்டம். திறப்பதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அது குறைக்கிறது. ஆனால் இந்தப் பகுதிகளில் கடைகள் மூடப்படுவது பெரும்பாலும் மாதாமாதம் வரவு செலவில் துண்டு விழுவதால். அந்தத் துண்டைப் பெரும்பாலான சலுகைகள் தொடுவதே இல்லை. அதற்காக இந்தத் திட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வரியை, யாருக்கு, எந்தத் தெருவரை, எத்தனை வருடத்துக்குக் குறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாக மாறும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எதைக் கடை இல்லாத பகுதி என்று கணக்கில் எடுக்கிறார்கள்? அமெரிக்க வேளாண் துறையிடம் இதற்கென்று ஒரு வரைபடம் இருக்கிறது. நாட்டைச் சிறு சிறு சென்சஸ் வட்டாரங்களாகப் பிரித்து, வறுமை விகிதம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது அங்குள்ள நடுத்தரக் குடும்ப வருமானம் சுற்றுவட்டார அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், குறைந்த வருமானப் பகுதி என்கிறது. அங்கே குறைந்தது 500 பேருக்கோ மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கோ நகரத்தில் 1 மைலுக்குள், கிராமப்புறத்தில் 10 மைலுக்குள் சூப்பர்மார்க்கெட் இல்லையென்றால், அது கடை எட்டாத பகுதி. 2019 கணக்கின்படி இப்படிப்பட்ட வட்டாரங்களில் கடைக்கு அந்த அளவு தள்ளி வாழ்பவர்கள் சுமார் 1 கோடியே 88 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 சதவீதம். கார் வைத்திருப்பவருக்கு 1 மைல் ஒன்றுமில்லை. முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறிப் போகிற வயதானவருக்கு அது அரை நாள் வேலை. வரைபடத்தைப் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கடைக்காரரின் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். வரிச்சலுகை பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான்.

அமெரிக்காவில் மளிகை வியாபாரம் லாபம் மிக மெலிந்த தொழில். உணவுச் சில்லறை வணிகத் துறையின் சங்கமான எஃப்.எம்.ஐ. சொன்ன கணக்குப்படி 2023-இல் துறையின் சராசரி நிகர லாபம் 1.6 சதவீதம். நூறு டாலருக்குச் சரக்கு விற்றால் எல்லாம் போக மிஞ்சுவது ஒன்றரை டாலர் சொச்சம். ஒரு கணக்குக்காக, வருடத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் விற்பனையுள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு முன்பு 2 சதவீத லாபம் என்றால் 3 லட்சம் டாலர். கூட்டாட்சி நிறுவன வருமான வரி 21 சதவீதம், அதாவது 63,000 டாலர். அந்த வரியை முழுக்கத் தள்ளுபடி செய்தாலும் கடைக்காரர் கையில் கூடுதலாக நிற்பது அவ்வளவுதான். ஒன்றிரண்டு ஊழியர்களின் வருடச் சம்பளத்துக்குச் சரியாகப் போகும்.

இது ஓரளவு நன்றாக ஓடுகிற கடையின் கணக்கு. நாம் பேசுகிற பகுதியில் நிலைமை வேறு. ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு தடவைக்கு வாங்கும் சரக்கு குறைவு. காப்பீடும் காவல் செலவும் அதிகம். காய்கறி, பழம், இறைச்சி விற்காமல் தேங்கினால் குப்பைக்குத்தான் போகும். ஸ்னாப் என்னும் உணவு உதவித்தொகை கணக்கில் ஏறுகிற நாட்களில் நிற்க இடமிருக்காது, மாதக் கடைசியில் கடை காற்று வாங்கும். ஆனால் குளிர்பதனப் பெட்டிகளுக்கு மின்சாரம் மாதம் முழுக்க ஓடியாக வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் வாரம் தவறாமல் போக வேண்டும். இப்படிப்பட்ட கடை முதல் மூன்று நான்கு வருடம் நஷ்டத்தில் ஓடுவது சாதாரணம். நஷ்டத்தில் ஓடினால் வருமான வரியே கிடையாது. வரியே இல்லாதவருக்கு வரியில் கழிவு கொடுத்து என்ன ஆகப்போகிறது? அடுத்தடுத்த வருடங்களுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அதுவரை கடை இருந்தால்தானே.

ஆகவே வருமான வரியில் மட்டும் கழிவு தருகிற திட்டம், வேறு நூறு ஊர்களில் லாபம் பார்க்கும் பெரிய சங்கிலி நிறுவனத்துக்குத்தான் பயன்படும். தன் சேமிப்பைப் போட்டு, அந்தத் தெருவிலேயே வாழ்ந்து, ஒரே ஒரு கடை நடத்த முன்வருபவருக்கு அது வெறும் காகிதம். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வரி இல்லாவிட்டாலும் அந்தத் தொகையை அரசு காசாகவே திருப்பித் தருவது. இன்னொன்று, கழிவு உரிமையை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுப் பணமாக்கிக்கொள்ள அனுமதிப்பது. ஒரு சட்ட வரைவு என் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இந்த இரண்டில் ஒன்று அதில் இருக்கிறதா என்பதைத்தான்.

சொத்து வரி வேறு மாதிரி. லாபமோ நஷ்டமோ, கட்டியே ஆக வேண்டும். அதனால் சொத்து வரியில் விலக்கு கொடுத்தால் முதல் வருடத்திலிருந்தே கையில் காசாகத் தெரியும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: கட்டடம் யாருடையது? பெரும்பாலான மளிகைக் கடைகள் வாடகைக் கட்டடத்தில் இயங்குபவை. விலக்கின் பலன் வாடகையில் இறங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால், பணம் கட்டட உரிமையாளரிடமே தங்கிவிடும். கடைக்காரருக்கு அப்படி ஒரு சலுகை இருப்பதே தெரியாமல் போகலாம்.

இந்த விஷயத்தில் பால்டிமோர் செய்தது எனக்குப் பிடித்த ஏற்பாடு. மேரிலாந்தில் தொழில் செய்பவர்கள் தங்கள் அசையும் சொத்துக்கும் வரி கட்ட வேண்டும். பால்டிமோர் நகரத்தில் அது 100 டாலர் மதிப்புக்கு 5.62 டாலர். ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு அசையும் சொத்து என்றால் உறைபதனப் பெட்டிகள், அலமாரிகள், பில் போடும் இயந்திரங்கள். விலை உயர்ந்த சாமான்கள், எல்லாம் கடைக்காரர் பெயரிலேயே இருப்பவை. கடை எட்டாத பகுதிகளில் புதிதாகத் திறக்கும் அல்லது பெரிய அளவில் புதுப்பிக்கும் சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு அந்த வரியில் 80 சதவீதத்தைப் பத்து வருடங்களுக்கு நகரம் குறைக்கிறது. தொகை மலைக்க வைக்காது. ஆனால் போய்ச் சேர வேண்டியவரிடம் நேராகப் போய்ச் சேருகிறது, இடையில் யாரும் இல்லை.

வாஷிங்டன் டி.சி.யின் அனுபவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டுகளுக்கான வரிவிலக்கை அந்த நகரம் 1988-லேயே கொண்டுவந்தது, 2000-இல் திருத்தியது. தகுதியுள்ள இடத்தில் கடை திறந்தால் பத்து வருடங்களுக்குச் சொத்து வரி இல்லை, அசையும் சொத்து வரி இல்லை, தொழில் உரிமக் கட்டணம் இல்லை. கட்டுமானப் பொருட்களுக்கு விற்பனை வரியும் இல்லை. காகிதத்தில் இதைவிடத் தாராளமான திட்டம் இருக்க முடியாது. ஆனால் தகுதியுள்ள இடங்களின் பட்டியல் மிக அகலமாக இருந்தது. வேகமாகப் புதுக் குடியிருப்புகள் எழும்பி, நல்ல சம்பளக்காரர்கள் குடியேறிக்கொண்டிருந்த பகுதிகளும் அதற்குள் வந்தன. கம்பெனிகள் எங்கே போகும்? வியாபாரம் நடக்கிற இடத்துக்குத்தான். சலுகை இல்லாவிட்டாலும் அந்தக் கடைகள் அங்கே வந்திருக்கும். இதற்கிடையில் அனகோஸ்டியா ஆற்றின் கிழக்கே, வார்டு 7, வார்டு 8 என்னும் இரண்டு வார்டுகளில், சுமார் ஒன்றரை லட்சம் பேருக்குப் பல வருடங்களாக முழுமையான சூப்பர்மார்க்கெட் மூன்றுதான் இருந்தது.

அந்தக் கிழக்குக் கரையில் வால்மார்ட் இரண்டு கடைகள் கட்டுவதாக இருந்தது. நகரத்தின் மற்ற இடங்களில் மூன்று கடைகளைத் திறந்துவிட்டு, 2016 ஜனவரியில் கிழக்குக் கரைத் திட்டம் இரண்டையும் கைவிட்டது. அதில் ஒன்று ஸ்கைலேண்ட் வணிக வளாகம். அந்த இடத்தில் கடைசியில் லிடில் என்னும் வேறொரு நிறுவனத்தின் சூப்பர்மார்க்கெட் வந்தது 2022-இல். வாக்குறுதி கேட்ட மக்களில் பலர் அதுவரை ஆற்றைக் கடந்துதான் சாமான் வாங்கினார்கள். இதில் எனக்கு வால்மார்ட் மீது இருப்பதைவிட ஒப்பந்தத்தின் மீதுதான் வருத்தம். லாபம் தரும் மூன்று கடைகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே, மற்ற இரண்டும் எழும்பினால்தான் அடுத்த கட்டம் என்று கட்டிப் போட்டிருக்க வேண்டும்.

நியூயார்க் நகரம் 2009-இல் தொடங்கிய ஃபிரெஷ் திட்டம் வேறு ஒரு வழியைச் சேர்த்துக்கொண்டது. வரியில் சலுகை ஒரு பக்கம்: கட்டடத்துக்கான சொத்து வரி 25 வருடங்களுக்குக் குறைப்பு, கட்டுமானப் பொருட்களுக்கு விற்பனை வரி விலக்கு, அடமானப் பதிவு வரியில் சலுகை. இன்னொரு பக்கம் கட்டட விதிகளில் சலுகை. அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத் தளத்தில் மளிகைக் கடைக்கு இடம் ஒதுக்கினால், ஒதுக்கிய ஒவ்வொரு சதுர அடிக்கும் மேலே ஒரு சதுர அடி வீடு கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம், 20,000 சதுர அடி வரை. கடை எப்படி இருக்க வேண்டும் என்றும் விதியில் எழுதினார்கள்: குறைந்தது 6,000 சதுர அடி, அதில் பாதி உணவுப் பொருட்களுக்கு, 30 சதவீதம் சீக்கிரம் கெடக்கூடிய பொருட்களுக்கு, புதிய காய்கனிகளுக்கு மட்டும் 500 சதுர அடி. இந்த விவரமான நிபந்தனை மிக நல்லது. அது இல்லாவிட்டால் சிப்ஸும் சோடாவும் விற்கிற கடைகூட மளிகைக் கடை என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கும்.

ஆனால் கூடுதல் மாடி என்னும் சலுகைக்கு ஒரு குணம் உண்டு. வீட்டு வாடகை ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அதற்கு மதிப்பு. வாடகை ஏறாத தெருவில் கூடுதலாக மாடி கட்ட யாருக்கும் ஆர்வம் இருக்காது. அப்படியானால் சலுகை தானாகவே புதுப் பணம் வருகிற தெருக்களை நோக்கி நகரும். பழைய குடும்பங்களுக்கு நல்ல கடை கிடைக்கிற அதே நேரத்தில், வாடகை தாங்காமல் அவர்கள் வெளியேறவும் நேரலாம். இந்த வழியால் மாற்றம் வரப்போகும் பகுதிக்குக் கடை கொண்டுவரலாம், எதுவும் மாறாமல் கிடக்கும் பகுதிக்கு முடியாது. அந்த நகரத்தில் ஸோஹ்ரான் மம்தானி மேயர் தேர்தலில் நின்றபோது ஐந்து பெருநகரப் பிரிவுகளிலும் நகராட்சியே ஒவ்வொரு மளிகைக் கடை நடத்தும் என்று வாக்குறுதி கொடுத்ததும், அது அவ்வளவு பேரை ஈர்த்ததும், தனியாருக்குச் சலுகை கொடுத்துப் பார்த்து மக்கள் சலித்துப்போனதைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

கூட்டாட்சி அளவில் இருக்கும் பெரிய கருவி நியூ மார்க்கெட்ஸ் டாக்ஸ் கிரெடிட். 2000-இல் வந்த சட்டம். ஏழைப் பகுதிகளில் முதலீடு செய்பவருக்கு, போட்ட தொகையில் 39 சதவீதம் ஏழு வருடங்களில் வரிக்கழிவாகத் திரும்பக் கிடைக்கும். முதல் மூன்று வருடம் வருடத்துக்கு 5 சதவீதம், அடுத்த நான்கு வருடம் வருடத்துக்கு 6 சதவீதம். இதில் ஒரு நல்ல அம்சம், கழிவு போவது வங்கி போன்ற முதலீட்டாளருக்கு. அவருக்குக் கட்ட வரி இருக்கும், அதனால் கழிவு வீணாகாது. பதிலுக்குக் கடைக்கு மலிவான முதல் கிடைக்கிறது. ஆனால் வக்கீல், கணக்காளர், இடைநிலை நிறுவனம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். சில லட்சம் டாலரில் திறக்கக்கூடிய சிறிய கடைக்கு இந்த வழி கட்டுப்படி ஆகாது. பல பத்து லட்சம் டாலர் போட்டுக் கட்டும் பெரிய கடைகளுக்குத்தான் சரிப்படும்.

கடைகளுக்கென்றே தனியாக ஒரு கூட்டாட்சி வரிக்கழிவு வேண்டும் என்று செனட்டர்கள் மார்க் வார்னர், ஜெர்ரி மோரன் இருவரும் 2017-இலிருந்து திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவருகிறார்கள். புதுக் கடைக்குச் செலவில் 15 சதவீதம், இருக்கிற கடையைப் புதுப்பித்தால் 10 சதவீதம். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. ஒருவரின் மாநிலம் தலைநகரத்துக்குப் பக்கத்திலுள்ள வர்ஜீனியா, மற்றவருடையது கிராமங்கள் நிறைந்த கன்சாஸ். பிரச்சினை கட்சி பார்த்து வருவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனாலும் மசோதா இன்னும் சட்டமாகவில்லை.

மாநிலச் சட்டங்களில் யோசித்து எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றுவது நியூ ஜெர்சியுடையது. 2021 ஜனவரியில் கையெழுத்தான பொருளாதார மீட்புச் சட்டத்தின் ஒரு பகுதி. வருடத்துக்கு 4 கோடி டாலர் வீதம் ஆறு வருடம், மொத்தம் 24 கோடி. இதில் இடங்களை முதலிலேயே குறுக்கிவிட்டார்கள். 2022-இல் 50 பகுதிகளை வரிசைப்படுத்தி அறிவித்தார்கள். அந்தப் பகுதியில் முதலில் வரும் கடைக்குத் திட்டச் செலவில் 40 சதவீதம் வரை, இரண்டாவதாக வருவதற்கு 20 சதவீதம் வரை. மூன்றாவதாக வருபவருக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அதற்குள் தேவை தீர்ந்திருக்கும். கட்டும் செலவோடு நிற்காமல் ஆரம்ப காலத்தில் நடத்தும் செலவையும் ஓரளவு கணக்கில் எடுத்தார்கள். கழிவு உரிமையை விற்கலாம். முழுக் கடைக்கு 16,000 சதுர அடி வேண்டும் என்ற விதி சிறிய கடைகளை வெளியே தள்ளிவிடுகிறது என்பது உண்மை. அதற்கும் ஒரு வழி வைத்தார்கள்: மாநிலப் பொருளாதார வளர்ச்சி ஆணையமே கழிவு உரிமைகளில் ஒரு பகுதியை ஏலம் விட்டு, வரும் பணத்தைச் சிறிய கடைகளின் சாதனங்களுக்கும் மற்ற உதவிகளுக்கும் மானியமாகத் தரலாம். வரிச்சலுகையைக் காசாக மாற்றும் வழியைச் சட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள் என்பதால் இதைத் தனியாகப் பாராட்டுகிறேன்.

காசாகவே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பென்சில்வேனியா உதாரணம். 2004-இல் மாநிலம் 3 கோடி டாலர் விதைப்பணம் போட்டது. ரீஇன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் என்னும் சமூக நிதி நிறுவனம் அதோடு தனியார் பணத்தையும் சேர்த்துக் கடனாகவும் மானியமாகவும் கொடுத்தது. பெரிய சூப்பர்மார்க்கெட் முதல் கிராமத்துச் சிறு கடை வரை 88 திட்டங்களுக்கு உதவி போனது. 2010-இல் ஒபாமா அரசு தொடங்கிய தேசிய அளவிலான திட்டம் இதைப் பார்த்து எழுந்ததுதான். கடை திறக்க விரும்புபவரோடு உட்கார்ந்து அவருடைய கணக்கைப் படித்துப் பார்த்த பிறகு கடன் கொடுப்பதில் ஒரு நன்மை இருக்கிறது: கடை ஓடுமா ஓடாதா என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே பொறுப்போடு யோசிக்கிறார். வரிவிலக்கில் அந்த ஆளே இல்லை. படிவம் சரியாக இருந்தால் விலக்கு கிடைத்துவிடும்.

நிலைக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு கடைகளின் கதை போதும். சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில் 2016 செப்டம்பரில், வசதியானவர்களின் கடை என்று பெயரெடுத்த ஹோல் ஃபுட்ஸ் திறந்தது. அந்த வணிக வளாகத்துக்கு நகரம் 1 கோடியே 7 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரு பகுதியில் சொத்து வரி வருமானம் ஏறும்போது, ஏறிய பங்கைத் தனியே ஒதுக்கி அங்கேயே செலவிடும் ஏற்பாட்டிலிருந்து வந்த பணம் அது. திறப்பு விழாவுக்கு நாடெங்கும் செய்தி. 2022 நவம்பரில் கடையை மூடினார்கள். அதற்குப் பதிலாக சேவ் எ லாட் என்னும் மலிவு விலைக் கடை வரும் என்று அறிவித்தபோது, எங்களைக் கேட்காமல் எங்களுக்கு எது போதும் என்று முடிவு செய்கிறீர்களா என்று உள்ளூர் அமைப்புகள் போராடின. அவர்கள் கோபம் நியாயமானது. அது அவர்களுடைய பகுதியின் வரிப்பணம்.

இன்னொன்று பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட். ஏறத்தாழ முப்பது வருடங்கள் முழுமையான மளிகைக் கடை இல்லாமல் இருந்த கறுப்பினத்தவர் பகுதி. பொதுப்பணத்தின் உதவியோடு 2013-இல் ஷாப் அண்ட் சேவ் கடை வந்தது. 2019 மார்ச்சில் மூடியது. இந்த இரண்டு இடங்களிலும் கட்டடம் நின்றது, பொதுப்பணம் செலவானது, கடை ஏறக்குறைய ஆறு வருடம் ஓடியது. கன்சாஸ் சிட்டியில் நகராட்சியே வாங்கிப் புதுப்பித்த வணிக வளாகத்தில் இயங்கிய சன் ஃபிரெஷ் கடையும் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது. கட்டடச் செலவை முழுக்க அரசே ஏற்றாலும் விற்பனை குறைந்து, பாதுகாப்புச் செலவு ஏறினால் கடை தாங்காது.

ஹில் டிஸ்ட்ரிக்ட் கடை வந்தபோது ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தப் பகுதி மக்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மக்களின் உணவுப் பழக்கம் ஓரளவு மேம்பட்டது, ஆனால் புதுக் கடையில் வாங்கியவர்கள், வாங்காதவர்கள் இரு தரப்பிலும் அந்த மேம்பாடு தெரிந்தது. தங்கள் பகுதியைப் பற்றிய திருப்தி கூடியது. பிலடெல்பியாவில் 2014-இல் வெளிவந்த ஆய்விலும், கடை வந்ததால் காய்கனி உண்பது கூடவில்லை என்றே தெரிந்தது. 2019-இல் ஹன்ட் ஆல்காட்டும் சக பொருளாதார ஆய்வாளர்களும் நாடு முழுவதுக்கும் கணக்கிட்டுச் சொன்னது: ஏழைக் குடும்பங்களுக்கும் பணக்காரக் குடும்பங்களுக்கும் ஒரே கடை, ஒரே விலை கிடைத்தாலும், சத்துணவில் உள்ள இடைவெளியில் 10 சதவீதம் அளவுதான் குறையும். பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே தூரமாகவாவது போய் ஒரு சூப்பர்மார்க்கெட்டில்தான் வாங்குகிறார்கள், பக்கத்தில் கடை வந்தால் வாங்கும் இடம் மாறுகிறது, வாங்கும் பொருள் அவ்வளவாக மாறுவதில்லை.

இந்த ஆய்வுகளைக் காட்டி, பார்த்தீர்களா, கடையே தேவையில்லை என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அதை நான் கடுமையாக மறுக்கிறேன். வசதியான பகுதியில் ஒரு கடை திறந்தால் அங்குள்ளவர்களின் எடை குறைந்ததா என்று யாரும் அளப்பதில்லை. வாரத்தில் நான்கு மணி நேரம் மிச்சமாவது, பஸ்ஸில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்பது, பக்கத்திலேயே நாற்பது ஐம்பது பேருக்கு வேலை, எங்கள் பகுதியையும் ஒரு பொருட்டாக மதிக்கிறார்கள் என்ற எண்ணம் — இவையெல்லாம் பலன்தான். உணவுப் பழக்கம் மாற வேண்டும் என்பது தனி இலக்கு, அதற்கு நேரான வழி வேறு இருக்கிறது. மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011-12-இல் ஒரு சோதனை நடந்தது. உணவு உதவித்தொகையில் காய்கனிக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் காய்கனி உண்பது மற்றவர்களைவிட 26 சதவீதம் கூடியது.

இந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். அது வாங்குபவரின் கைக்குப் போய், அப்படியே கடைக்காரரின் கல்லாவுக்கு வருகிறது. தினசரி வரவில் விழும் துண்டை அடைக்கும் பணம் இதுதான். அதனால் கடையைக் காப்பாற்றுவதில் உணவு உதவித்தொகைக்கு எந்த வரிவிலக்கையும்விடப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. இந்த இடத்தில் ஒன்று மனதை உறுத்துகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் நியூ மார்க்கெட்ஸ் வரிக்கழிவை நிரந்தரமாக்கியது. அதே சட்டம் ஸ்னாப் செலவை வெட்டி, அதைப் பெறுவதற்கான விதிகளையும் கடுமையாக்கியது. கடை கட்டுவதற்கான உதவிக்கு நிரந்தர இடம், அதே கடையில் வாங்க வருபவர்களின் கையில் காசு குறைவு. ஏழைப் பகுதிக் கடைக்காரர் இதில் எதை உணர்வார் என்று சொல்லத் தேவையில்லை.

வரிக்கு வெளியே இன்னும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று கொள்முதல் விலை. சின்னக் கடைக்காரர் மொத்த விற்பனையாளரிடம் வாங்கும் விலை, பெரிய சங்கிலிக் கடையில் சில்லறைக்கே கிடைக்கும் விலைக்குப் பக்கத்தில் இருப்பது உண்டு. ஒரே சரக்கை ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு வேறு விலை என்று விற்பதைத் தடுக்க 1936-லேயே ராபின்சன்-பாட்மன் சட்டம் வந்தது. 1980-களிலிருந்து அதைப் பெரும்பாலும் கிடப்பில் போட்டுவிட்டார்கள். அதை உயிர்ப்பித்தால் அரசுக்கு ஒரு டாலர் செலவில்லாமல் சிறு கடைகளுக்கு மூச்சு கிடைக்கும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அந்த வாதம் சரியாகவே படுகிறது. இன்னொன்று நிலப்பத்திரத்தில் போடும் தடை. ஒரு சங்கிலி நிறுவனம் கடையை மூடிவிட்டுப் போகும்போது, அந்த இடத்தில் வேறு யாரும் மளிகைக் கடை வைக்கக் கூடாது என்று பத்திரத்திலோ வாடகை ஒப்பந்தத்திலோ எழுதிவிட்டுப் போவது நடக்கிற விஷயம். வாஷிங்டன் டி.சி. 2018-இல் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஒரு பக்கம் கடை வரச் சலுகை கொடுத்துவிட்டு, மறுபக்கம் இந்தத் தடையை அனுமதிக்கும் நகரங்கள் இன்னும் இருக்கின்றன.

உங்கள் ஊர் நகர மன்றத்தில் இப்படி ஒரு திட்டம் விவாதத்துக்கு வந்தால் என்ன கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகுதியுள்ள பகுதிகளின் வரைபடத்தைக் கேளுங்கள். நகரத்தில் பாதி அதற்குள் வந்தால் கடை எங்கே போகும் என்று இப்போதே தெரிந்துவிடும். நஷ்டத்தில் ஓடும் கடைக்கும் பணம் கிடைக்குமா என்று கேளுங்கள். முழுச் சலுகையையும் திறப்பு விழாவன்று கொடுக்காமல் வருடாவருடம், கடை திறந்திருக்கும் வரைக்கும் என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறு வருடத்தில் மூடிய கடைகளைப் பார்த்த பிறகு, பத்து வருடத்துக்குக் குறைந்த உறுதிமொழியை நான் ஏற்க மாட்டேன். முன்னதாக மூடினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வாடகைக் கட்டடம் என்றால் சொத்து வரி விலக்கு வாடகையில் எவ்வளவு குறைக்கிறது என்று ஒப்பந்தத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், ஏற்கெனவே அந்தத் தெருவில் தட்டுத் தடுமாறி நிற்கும் சிறிய கடைக்கு ஒரு புதிய குளிர்பதனப் பெட்டி வாங்க அதே திட்டத்தில் வழியுண்டா என்றும் கேளுங்கள். புதிதாக வருபவருக்குப் பத்து வருட விலக்கு, இருபது வருடமாக இருப்பவருக்கு முழு வரி என்றால், வருகிற கடை முதலில் மூட வைப்பது அந்தப் பழைய கடையைத்தான்.